எஞ்சின் வேலை முடிந்த 6 பிடி: சூடானதும் ஆயில் பிரஷர் படுத்துவிடுகிறது

பத்துவீல் நாமக்கல்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி டாடா 2515, கம்மின்ஸ் 6 பிடி 5.9 எஞ்சின். புகை அதிகமாகி ஆயிலும் குடிக்க ஆரம்பித்ததால் ஃபுல் எஞ்சின் வேலை பார்த்தோம். பிளாக்கை காஸ்டிக் தொட்டியில் போட்டுக் கழுவி 0.50 ஓவர்சைஸ் போரிங் செய்து புது பிஸ்டன் செட் போட்டார்கள். கிராங்க்கை 0.25 கிரைண்டிங் பிடித்து மெயின் பேரிங் (கிராங்க்கைப் பிளாக்கில் தாங்குவது), பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடைக் கிராங்க்கில் பிடிப்பது) எல்லாம் புதிது. ஆயில் பம்ப்பும் புதிது. டர்போ ரீகண்டிஷன் செய்தது.

காலையில் ஸ்டார்ட் செய்தால் பிரஷர் நன்றாக நிற்கிறது. லோடு ஏற்றிச் சேலம் தாண்டித் தொப்பூர் ஏறும்போதே முள் இறங்க ஆரம்பிக்கிறது. அப்புறம் டோல்கேட்டில் நிறுத்தினால் சிவப்பு லைட் மினுக்குகிறது. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அணைகிறது. சத்தம் எதுவும் இல்லை, பிக்கப் நன்றாக இருக்கிறது.

ஃபிட்டர் சொல்வது: "புது எஞ்சின், ஓட ஓட செட் ஆகிவிடும், 20டபிள்யூ-50 ஊற்றி ஓட்டுங்கள்." எனக்கு மனம் ஒப்பவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். தவணை தேதி வேறு நெருங்குகிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பழைய ஃபோர்மேன்

தம்பி, ஓரம் கட்டியது சரியான முடிவு. பேரிங் அடித்த பிறகு வருகிற செலவோடு ஒப்பிட்டால் வண்டி நிற்கிற நஷ்டம் சின்னது. "ஓட ஓட செட் ஆகும்" என்பது ரிங்குக்குப் பொருந்தும். ரிங் போரில் உரசி உட்கார வேண்டும். பேரிங் அப்படி உட்காருகிற பொருள் இல்லை. அதில் இருக்கிற இடைவெளி ஓட ஓடக் கூடுமே தவிர ஒருநாளும் குறையாது.

முதல் வேலை, டேஷ்போர்டு மீட்டரையும் லைட்டையும் மறந்துவிடுங்கள். ஆயில் ஃபில்டர் ஹெட்டில் சென்டர் மாட்டியிருக்கும் இடத்திலேயே, அல்லது பக்கத்தில் இருக்கும் பிளக்கைக் கழற்றி, ஒரு மெக்கானிக்கல் கேஜை நேராக மாட்டுங்கள். ரப்பர் ஹோஸ் வேண்டாம், நல்ல பிரஷர் ஹோஸாக இருக்கட்டும். மூன்று அளவு எடுத்து இங்கே போடுங்கள்: குளிர்ந்த எஞ்சினில் ஐட்லிங், நன்றாகச் சூடேறிய பிறகு ஐட்லிங், அதே சூட்டில் 2500 ஆர்பிஎம்.

இந்த எஞ்சினுக்குக் கம்பெனி சொல்லும் குறைந்தபட்சம் ஐட்லிங்கில் 10 பிஎஸ்ஐ, ஃபுல் ஆர்பிஎம்மில் 30 பிஎஸ்ஐ. நம் பட்டறைக் கணக்கில் (சதுர சென்டிமீட்டருக்கு) 0.7 கிலோ, 2.1 கிலோ. அது தேய்ந்த எஞ்சினும் தாண்ட வேண்டிய கோடு. புதிதாகக் கட்டிய எஞ்சின் அதற்கு வெகு மேலே நிற்க வேண்டும்.

அளவு எடுக்கும்போது முள் நிலையாக நிற்கிறதா, துடிக்கிறதா என்று கவனியுங்கள். டிப் ஸ்டிக்கில் அளவு பாருங்கள், மோந்தும் பாருங்கள். டீசல் வாடை அடிக்கிறதா, ஆயில் நுரைத்து வெளுத்திருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

டர்போ கரூர்

அண்ணா, என் வண்டியிலும் இப்படித்தான் இருந்தது. ரெகுலேட்டர் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷர் வைத்தார்கள், ஆயிலையும் கெட்டியாக மாற்றினார்கள், லைட் எரிவது நின்றது. ரொம்ப நாளாக ஓடுகிறது. எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாமே? செலவும் குறைவு.

கப்பல் என்ஜினியர் தூத்துக்குடி

வாஷர் வைப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த நம்பிக்கை எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது.

ரெகுலேட்டர் வால்வின் வேலை பிரஷர் கூடிப்போனால் திறந்து, மிஞ்சும் ஆயிலைத் திருப்பி அனுப்புவது. அது திறப்பதே 4 கிலோவுக்கு மேல்தான். உங்கள் எஞ்சினில் பிரஷர் லைட் மினுக்கும் அளவுக்கு இறங்கிக் கிடக்கும்போது அந்த வால்வு ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது. மூடிய வால்வை இன்னும் அழுத்தி மூடுவதால் ஒரு பயனும் இல்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் பிரஷர் அளவுக்கு மீறி ஏறும். வால்வு பாதியில் சிக்கித் திறந்தே நின்றால் அது வேறு விஷயம். அதற்கு மருந்து கழற்றிச் சுத்தம் செய்வது.

கெட்டி ஆயில் கணக்கையும் பார்ப்போம். 100 டிகிரி சூட்டில் 40 கிரேடு ஆயிலின் பாகுநிலை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை. 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை. சராசரியாகப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஆனால் பேரிங் இடைவெளி வழியாகக் கசியும் ஆயில், அந்த இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 0.06 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 0.09 இருந்தால் கசிவு மூன்றே கால் மடங்குக்கும் மேல். 0.12 ஆகிவிட்டால் எட்டு மடங்கு. ஆயில் கிரேடை மாற்றி இதை ஈடுகட்ட முடியாது. லைட் அணையும் அளவுக்கு மட்டும் பிரஷர் ஏறும், உள்ளே கோளாறு அப்படியே இருக்கும்.

பம்ப் தருவது ஆயில் ஓட்டத்தைத்தான். அந்த ஓட்டத்துக்கு எஞ்சின் காட்டும் தடைதான் கேஜில் பிரஷராகத் தெரிகிறது. வயலுக்குப் போகும் பைப்பில் நடுவில் எங்கோ ஓட்டை விழுந்தால் கடைசியில் தண்ணீர் சொட்டுவது போலத்தான். மோட்டாரை மாற்றிப் பயனில்லை, ஓட்டை எங்கே என்று தேட வேண்டும். அதனால் கேள்வி இரண்டே: பம்ப்புக்கு ஆயில் முழுதாக வருகிறதா? வந்த ஆயில் எந்த வழியாக நழுவுகிறது?

பத்துவீல் நாமக்கல்

கேஜ் வாங்கி மாட்டியாயிற்று. அளவுகள் இதோ.

குளிர்ந்த ஐட்லிங்: 3.9 கிலோ.
சூடான பிறகு ஐட்லிங்: 0.35 கிலோ.
அதே சூட்டில் 2500 ஆர்பிஎம்: 1.4 கிலோ.

முள் துடிக்கவில்லை, அப்படியே நிற்கிறது. ஆயில் அளவு மேல் கோட்டில் இருக்கிறது. டீசல் வாடை இல்லை, நுரை இல்லை. ஊற்றியிருப்பது 15டபிள்யூ-40தான். லைட் பொய் சொல்லவில்லை என்பது உறுதியாகிவிட்டது.

பழைய ஃபோர்மேன்

நல்லது. இந்த மூன்று எண்ணிலேயே பாதிக் கதை இருக்கிறது.

முள் நிலையாக நிற்பதால் பம்ப் காற்று இழுக்கவில்லை என்று ஓரளவு நம்பலாம். ஸ்ட்ரெய்னர் பைப்பின் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை என்றாலோ, பைப்பில் கீறல் விழுந்திருந்தாலோ முள் ஆடும், ஆயில் நுரைக்கும், காலையில் பிரஷர் ஏறவும் நேரம் பிடிக்கும். குளிரில் 3.9 ஏறுவதால் பம்ப்பும் செத்த பம்ப் இல்லை. சூடேறி ஆயில் இளகியதும் விழுகிறது, ஆர்பிஎம் கொடுத்தும் குறைந்தபட்சத்தைத் தொடவில்லை. ஆயில் எங்கோ தாராளமாக வெளியே போகிறது.

ஆனாலும் எஞ்சினைப் பிரிக்காமல் பார்க்கக்கூடியதை முதலில் முடியுங்கள். ஃபில்டர் ஹெட்டில் பெரிய பிளக்கைக் கழற்றினால் ரெகுலேட்டர் பிளஞ்சரும் ஸ்பிரிங்கும் வரும். பிளஞ்சர் துளையில் கையாலேயே வழுக்கிக்கொண்டு போய் வர வேண்டும். கீறல், மண், உலோகத்தூள் இருக்கிறதா பாருங்கள். எஞ்சின் வேலை முடிந்த புதிதில் கேஸ்கெட் பசைத் துணுக்கு இங்கே வந்து சிக்குவது வழக்கம்.

அப்புறம் ஃபில்டரைக் கழற்றி அறுங்கள். ஹேக்ஸா பிளேடால் அறுத்தால் இரும்புத்தூள் கலந்து ஏமாற்றும். கட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மேல் மடிப்பை உளியால் பிரித்து எடுங்கள். காகிதத்தை விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங்கின் மேல்பூச்சு போய் அடுத்த அடுக்கு தெரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் அதற்கு மேல் ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஈரோடு லேத்

கிரைண்டிங் பிடிக்கிறவன் என்ற முறையில் என் பங்கைச் சொல்கிறேன். சந்தேகம் முதலில் எங்கள் மேல்தான் வரும், அது நியாயமும்கூட.

6 பிடியில் மெயின் ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் பாகம்) 83 மி.மீ., பிக் எண்ட் ஜர்னல் 69 மி.மீ. ஆயில் இடைவெளி மெயினில் அதிகபட்சம் 0.119, பிக் எண்டில் 0.089. அதிகபட்சம் என்றால் அதற்கு மேல் போனால் தள்ளுபடி என்று பொருள். புதிதாகக் கட்டும்போது அதன் பாதியிலிருந்து முக்கால் வரைக்குள் வந்தால்தான் நிம்மதி.

பார்க்க வேண்டியவை: பேரிங்கின் முதுகில் 0.25 என்று அடித்திருக்கிறதா? கிராங்க் 0.50க்குப் போய், கடையில் கொடுத்தது 0.25 பேரிங்காக இருந்த கேஸ்கள் எனக்குத் தெரியும். பேரிங்கை மூடிப் பிடிக்கும் கேப்பின் போல்ட்டை டார்க் ரெஞ்சில் முறுக்கினார்களா? மெயின் 176 நியூட்டன் மீட்டர், கனெக்டிங் ராட் 100, இரண்டுமே படிப்படியாக ஏற்ற வேண்டும். கேப் இடம் மாறியிருக்கிறதா? மெயின் பேரிங்கில் ஆயில் துளை உள்ள ஷெல் (பேரிங்கின் பாதி வளையம்) மேலே, பிளாக் பக்கம் வர வேண்டும். துளை இல்லாத ஷெல்லை மேலே வைத்துவிட்டால் அந்த ஜர்னலுக்கு ஆயிலே போகாது. அதில் பிரஷர் குறைவதற்குப் பதிலாக கேஜ் நன்றாகவே காட்டும், பேரிங் மட்டும் கருகும். அதனால் கேஜ் ஒன்றை மட்டும் நம்பவும் முடியாது.

அளக்கும்போது பேரிங்கைப் போட்டு, கேப்பை முழு டார்க்கில் முறுக்கி, போர் கேஜால் உள்விட்டம் எடுங்கள். ஜர்னலை மைக்ரோமீட்டரால் இரண்டு முனையிலும், குறுக்கும் நெடுக்குமாகவும் எடுங்கள். எஞ்சினைக் கீழே இறக்காமல் பார்க்க வேண்டுமானால் பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளி காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) போதும். பிக் எண்டுக்கு அது நம்பகமானது. மெயினுக்கு மட்டும் கிராங்க்கின் எடை பேரிங்கை அழுத்திக்கொண்டு இருக்கும் என்பதால், பக்கத்துக் கேப்பில் ஒரு காகிதத்துண்டு வைத்து கிராங்க்கை மேலே தூக்கிப் பிடித்துவிட்டுப் பாருங்கள்.

கேம் புஷ்ஷையும் (கேம் ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம்) விடாதீர்கள். முன்பக்கம் ஒன்றுதான் இருக்கும். அது தளர்வாக இருந்தாலும் ஆயில் அந்த வழியாக நழுவும்.

பத்துவீல் நாமக்கல்

ரெகுலேட்டர் சுத்தமாக இருக்கிறது, பிளஞ்சர் தானாக வழுக்குகிறது. ஃபில்டரைப் பிரித்துப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் மெல்லிய பூச்சு, ஒன்றிரண்டு பசைத் துணுக்கு. செம்பு மின்னல் எதுவும் இல்லை. பார்த்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது.

சேம்பரை (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறக்கச் சொன்னேன். ஃபிட்டருக்குக் கோபம். "என் வேலையில் நம்பிக்கை இல்லையா" என்கிறார்.

நைட் டிரிப்

கோபப்பட்டாலும் அவரைக் கூடவே வைத்துக்கொண்டு பிரியுங்கள் அண்ணா. வேறு பட்டறையில் பிரித்தால் "அவர்கள்தான் கெடுத்தார்கள்" என்ற பேச்சு வரும், லேத்தும் கைகழுவிவிடும். நான் ஓட்டுகிற வண்டியின் முதலாளி ஒவ்வொரு கட்டத்திலும் தேதியோடு போட்டோ எடுத்து வைப்பார். கேஜ் முள், பேரிங் முதுகு, அளவு எழுதிய தாள் எல்லாம் எடுத்துவிடுங்கள். யாரையும் குற்றம் சொல்லாமல் அளவை மட்டும் காட்டினால் சண்டை வருவதில்லை.

பழைய ஃபோர்மேன்

சேம்பர் இறக்கியதும் உடனே கேப்களைக் கழற்ற ஆரம்பிக்க வேண்டாம். அதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது, இதைத்தான் நான் எல்லோருக்கும் வற்புறுத்துவேன். எஞ்சின் ஓடாமலேயே கேலரிக்குள் (பிளாக்கினுள் ஓடும் முக்கிய ஆயில் வழி) ஆயிலை அழுத்தி, எங்கே ஊற்றுகிறது என்று கண்ணால் பார்ப்பது.

பெயிண்ட் அடிக்கும் பிரஷர் டேங்க், அல்லது மேலே வால்வு வைத்த எந்தக் கெட்டியான டேங்க்கும் போதும். அதில் பத்து லிட்டர் 15டபிள்யூ-40 ஊற்றி, கேஜ் மாட்டிய அதே துளையில் ஹோஸை இணைத்து, கம்ப்ரசர் காற்றை 2 கிலோவில் கொடுங்கள். ஆயிலைக் கொஞ்சம் சூடாக்கி ஊற்றினால் நிஜ நிலைமைக்குப் பக்கத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு கீழே படுத்து, நல்ல லைட் அடித்துப் பாருங்கள். அடியில் அகலமான தட்டு வையுங்கள்.

மெயின் பேரிங் இரண்டு ஓரத்திலும் சொட்டுச் சொட்டாக வேகமாக விழுவது இயல்பு. பிக் எண்டில் கிராங்க் நிற்கும் கோணத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். அதனால் ஒருவர் பார் போட்டுக் கிராங்க்கைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பட்டும். பம்ப் வழியாகக் கொஞ்சம் ஆயில் பின்னோக்கியும் வரும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பிஸ்டன் கூலிங் நாசிலிலிருந்து ஊசி மாதிரி மெல்லிய தாரை மேல்நோக்கி அடிக்க வேண்டும். சொட்டுவதை விட்டுவிட்டு, எங்கே தாரையாக, தடிமனாக ஊற்றுகிறது என்று தேடுங்கள். ஏழு மெயினும் ஒரே மாதிரி தாராளமாக ஊற்றினால் கிரைண்டிங் அளவு. ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் என்றால் அந்த இடத்துப் பொருத்தல்.

பேரிங் இருக்கும் இடத்தை விட்டு வேறெங்காவது ஊற்றினால் கேலரி பிளக். காஸ்டிக் தொட்டியில் கழுவும்போது பிளக்குகளை எடுத்துவிட்டுத் திரும்பப் போடும்போது ஒன்று விட்டுப்போவது நடக்கக்கூடியதுதான்.

பத்துவீல் நாமக்கல்

கண்டுபிடித்துவிட்டோம்!

ஃபோர்மேன் அண்ணன் சொன்னபடியே டேங்க் கட்டி அழுத்தினோம். ஃபிட்டரும் பக்கத்திலேயே படுத்துப் பார்த்தார். முதலில் எல்லா மெயினிலும் சொட்டு விழ ஆரம்பித்தது, பார்த்தால் ஒரே சீராகத்தான் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்றாம் சிலிண்டர்களில் நாசில் தாரை நூல் மாதிரி பிஸ்டன் அடிப்பக்கத்தில் பட்டுத் தெறித்தது. நான்கிலும் ஐந்திலும் தாரையே இல்லை. அதற்குப் பதிலாக சாடில் (பிளாக்கில் மெயின் பேரிங் உட்காரும் இடம்) ஓரத் துளையிலிருந்து சுண்டுவிரல் தடிமனுக்கு ஆயில் வழிந்து, கிராங்க் வெயிட்டின் மேல் விழுந்து தட்டில் கொட்டியது. கம்ப்ரசர் 2 கிலோ தள்ளியும் கேஜ் ஒன்றைத் தாண்டவில்லை. லைட்டைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால் துளை வெறும் துளையாக இருக்கிறது, உள்ளே நாசில் இல்லை. ஆறில் மீண்டும் சரியான தாரை.

பிளாக்கைக் கழுவுமுன் நாசில்களைத் தட்டி எடுத்திருக்கிறார்கள். திரும்பப் போடும்போது இரண்டு விட்டுப்போயிருக்கிறது. ஃபிட்டர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அலமாரியைத் துழாவினார். பழைய பேரிங் பெட்டிக்குள் இரண்டும் இருந்தன.

அடுத்து என்ன செய்ய வேண்டும்? கிராங்க்கை இறக்காமல் போட முடியுமா?

கப்பல் என்ஜினியர் தூத்துக்குடி

அருமையான வேலை. நாசில் என்பது அளவெடுத்துத் துளையிட்ட ஒரு தடை. அது இல்லாவிட்டால் கேலரியிலிருந்து வரும் ஆயிலுக்கு அந்த இடத்தில் கதவே இல்லை. மேல் ஷெல்லின் துளை வழியாக வந்து அப்படியே சேம்பருக்குப் போய்விடும். கம்மின்ஸ் சர்வீஸ் புத்தகத்தில் பிரஷர் குறைவுக்கான காரணங்களில் பேரிங்குக்குப் பக்கத்திலேயே கூலிங் நாசில் விட்டுப்போனதையும் சொல்லியிருப்பார்கள்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த இரண்டு பிஸ்டனும் இதுவரை கூலிங் இல்லாமல் ஓடியிருக்கின்றன. கீழே வழிந்த ஆயில் பிஸ்டன் தலையின் அடிப்பக்கத்தைத் தொட்டிருக்காது. லோடு ஏற்றி மலை ஏறிய வண்டி என்பதால் நான்கு, ஐந்து இரண்டையும் வெளியே எடுத்து ஸ்கர்ட்டில் உரசல் இருக்கிறதா, ரிங் பள்ளத்தில் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். போர் சுவரில் நெடுக்குக் கோடு விழுந்திருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பழைய ஃபோர்மேன்

கிராங்க் இறக்கித்தான் ஆக வேண்டும். நாசில் சாடில் பக்கத்திலிருந்து உள்ளே போகிறது, சாடில் பரப்புக்கு மேல் இம்மியளவும் துருத்தக் கூடாது. துருத்தினால் அதன் மேல் உட்காரும் பேரிங் ஷெல் மேடாகி அந்த இடத்தில் கருகிவிடும். போட்டபின் நகத்தால் தடவிப் பாருங்கள், தட்டக் கூடாது.

எஞ்சின் கீழே வருகிறபோதே லேத்காரர் சொன்ன அளவுகளையும் எடுத்துவிடுங்கள். ஒரு கோளாறு கிடைத்துவிட்டது என்பதற்காக இன்னொன்று இருக்காது என்று விட்டுவிடாதீர்கள். முன்பக்கக் கியர் கேஸ் திறந்திருக்கும் நேரத்தில் இன்னொன்றும் பாருங்கள். கியர் ஹவுசிங்கைப் பொருத்தும் ஸ்டீல் டவல் பின் இந்த எஞ்சின்களில் அதிர்வில் தளர்ந்து வெளியே வந்து கியருக்குள் விழுவது உலகம் முழுக்கத் தெரிந்த பிரச்சினை. துளை விளிம்பைச் சென்டர் பஞ்ச்சால் தட்டி நெருக்கினால் போதும், அல்லது மறைத்து ஒரு சின்னத் தகடு போல்ட்டில் மாட்டலாம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஃபில்டரில் ஆயில் நிரப்பி மாட்டுங்கள். டர்போ ஆயில் பைப்பைக் கழற்றி அதிலும் ஊற்றுங்கள். டீசல் நிறுத்தும் லீவரை இழுத்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்து, கேஜில் முள் எழுந்த பிறகே டீசல் விடுங்கள்.

பத்துவீல் நாமக்கல்

வேலை முடிந்தது. நான்காவது பிஸ்டன் ஸ்கர்ட்டில் லேசான பளபளப்பு மட்டும், கோடு இல்லை. ஐந்து சுத்தம். மெயின் இடைவெளி 0.065 முதல் 0.08 வரை, பிக் எண்ட் 0.05 முதல் 0.06 வரை வந்தது. லேத் வேலை சரியாகத்தான் இருந்திருக்கிறது. தாளை அவர்களுக்கும் அனுப்பிவிட்டேன். டவல் பின்னையும் தட்டிவிட்டோம். மறுபடி கட்டிய கூலியைப் பட்டறையே ஏற்றுக்கொண்டது, கேஸ்கெட் செட்டும் ஆயிலும் என் செலவு.

அதே கேஜ், அதே 15டபிள்யூ-40. குளிரில் 4.4. லோடோடு தொப்பூர் ஏறி வந்து நிறுத்தி எடுத்தது: ஐட்லிங் 1.5 கிலோ, 2500ல் 3.6.

டர்போ கரூர் தம்பி, உங்கள் வண்டியிலும் ஒரு தடவை மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பாருங்கள். என்னுடையது சும்மாதான் கிடக்கிறது, நாமக்கல் வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

டர்போ கரூர்

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் அண்ணா. வாஷரை எடுத்துவிட்டுத்தானே அளவு எடுக்க வேண்டும்?

பழைய ஃபோர்மேன்

எடுத்துவிட்டு, ஆயிலையும் 15டபிள்யூ-40க்கு மாற்றிவிட்டு எடுங்கள் தம்பி. இல்லாவிட்டால் கம்பெனி அளவோடு ஒப்பிட முடியாது. சூடேறிய ஐட்லிங் அளவை இங்கே போடுங்கள், பார்ப்போம்.

நாமக்கல் தம்பிக்கு: இந்த ஆயிலை முழு சர்வீஸ் வரை ஓட்டாமல் முதல் ஆயிரம் கிலோமீட்டரிலேயே மாற்றி, ஃபில்டரை இன்னொரு தடவை பிரித்துப் பாருங்கள். டேப்பெட்டையும் (வால்வு இடைவெளி) அப்போதே குளிர்ந்த எஞ்சினில் சரிபார்த்துவிடுங்கள். இன்லெட் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.50 மி.மீ.